பெயர் வைத்தவர் யார், ஏன் வைத்தார்?

ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளராக 1997 முதல் 2006 வரை இருந்தவரின் முழுப்பெயர் கோஃபி அட்டா அன்னான். கானா நாட்டின் குமாசி நகரில் 1938 ஏப்ரல் 8 அன்று பிறந்தார். அன்று வெள்ளிக்கிழமை. அந்நாட்டின் அக்கான் மக்கள் வெள்ளிக்கிழமை பிறக்கும் ஆண் குழந்தையைக் கோஃபி என்பார்கள். பெண்ணாக இருந்தால் அஃபுவா அல்லது எஃபுவா. இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர் என்றால் அட்டா. அவருடன் பிறந்த சகோதரியின் பெயரும் எஃபுவா அட்டாதான். அன்னான் என்பது நான்காவதாகப் பிறந்தவருக்கு வைக்கும் பெயர். ஆனால் கோஃபிக்கு அது தகப்பனார் வழியாக வந்தது. அவர் குடும்பத்தில் என்றோ நான்காவதாகப் பிறந்த ஒருவரின் பெயர் பின்னால் வந்தவர்கள் எல்லோருக்கும் குடும்பப் பெயராக நின்றுவிட்டது.

பிள்ளைக்குப் பெயர் தேடும் பெற்றோர் இன்று புரட்டுகிற புத்தகங்களில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு பொருள் போட்டிருக்கும்: ஒளி, வெற்றி, அழகு, செல்வம். அந்த வழக்கப்படி கோஃபிக்கு எதிரே ‘வெள்ளிக்கிழமை’ என்று போடலாம். அது சரியான விடைதான், ஆனால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. ஒரு சமூகம் பிறந்த கிழமையை மனிதனின் அடையாளமாக ஏன் கொண்டது, அந்தப் பெயரை யார் வைக்கிறார்கள், பிறகு அதை எந்தப் பதிவேட்டில் யார் எழுதுகிறார்கள் என்று கேட்கும்போதுதான் பெயர் பேசத் தொடங்குகிறது. கடைசிக் கேள்வியைப் பெயராய்வு செய்வோரே பல நேரம் விட்டுவிடுகிறார்கள். பெயர்களுக்கு நேர்ந்த பெருங்கேடுகள் பலவும் எழுதியவன் கையால் நேர்ந்தவை என்பது என் துணிபு.

அக்கான் மக்களின் கிழமைப் பெயரை ‘க்ராதின்’ என்பார்கள். ‘க்ரா’ என்பது உயிர். இது உயிரின் பெயர். குழந்தையின் உயிர் எந்த நாளில் இறங்கி வந்ததோ அந்த நாளின் குணம் அதற்கு உண்டு என்பது நம்பிக்கை. பெற்றோர் தேர்ந்தெடுக்க அதில் ஒன்றும் இல்லை. நாள்தான் பெயரைக் கொண்டுவருகிறது. திங்கள் க்வாட்வோ, செவ்வாய் க்வபெனா, புதன் க்வாக்கு, வியாழன் யாவ், வெள்ளி கோஃபி, சனி க்வாமே, ஞாயிறு க்வாசி. மற்ற பெயர்கள் எட்டாம் நாள் சடங்கில் சேரும்.

அட்லாண்டிக் கடல் தாண்டி அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களிடம் துணிமணிகூட இல்லை. கிழமைப் பெயர் மட்டும் கூடவே போயிற்று. பிறந்த நாள் தெரிந்தால் போதும், பெயரைச் சொல்ல வேறு யாரும் தேவையில்லை என்பதால் அது பிழைத்தது. ஜமைக்காவில் மலைக்காடுகளுக்குத் தப்பியோடிய மக்களுக்குத் தலைமை தாங்கி, 1739-இல் ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு வரவைத்தவர் கட்ஜோ. அது திங்கட்கிழமையின் க்வாட்வோ. இன்றைய கயானாவில், அன்று டச்சுக்காரர் வசமிருந்த பெர்பீஸ் பகுதியில், 1763-இல் நடந்த அடிமைக் கிளர்ச்சியின் தலைவர் கஃபி. அது வெள்ளிக்கிழமையின் கோஃபி. அந்தக் கிளர்ச்சி தொடங்கிய பிப்ரவரி 23-ஐயே கயானா 1970-இல் தன் குடியரசு நாளாகக் கொண்டது. ஞாயிற்றுக்கிழமையின் க்வாசிக்கு வேறு கதி நேர்ந்தது. பண்ணை முதலாளிகளின் வாயில் அது குவாஷி ஆகி, மந்தபுத்திக்காரன் என்ற வசையாகக் கீழிறங்கிற்று. உயிரின் பெயராக வந்தது, வைத்தவர் கையைவிட்டு அழைத்தவர் கைக்குப் போனதும் இப்படி ஆயிற்று.

இதற்கு நேர்மாறான ஒரு செயல் வட அமெரிக்காவில் நடந்தது. மாசசூசெட்ஸில் 1759-இல் பிறந்த பால் கஃபி, பின்னாளில் கப்பல் உரிமையாளராகவும் மாலுமியாகவும் பேர் பெற்றவர். அவர் தகப்பனார் சிறுவயதில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஒரு கோஃபி. வாங்கியவர்களின் குடும்பப் பெயரான ஸ்லோக்கம் அவர் மேல் ஏறியிருந்தது. தகப்பனார் இறந்த பிறகு பிள்ளைகள் ஸ்லோக்கமைக் கழற்றிவிட்டு, தகப்பனின் கிழமைப் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள். பெயர்களின் வரலாற்றில் இவ்வளவு சிக்கனமான, இவ்வளவு அழுத்தமான விடுதலைப் பிரகடனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நாளையும் வரிசையையும் பெயராக்குவது ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. பாலித் தீவில் முதல் பிள்ளை வாயான், அடுத்தது மாதே, மூன்றாவது ஞோமான், நான்காவது கெத்துத். ஐந்தாவது பிறந்தால் மறுபடி வாயானிலிருந்து தொடங்குவார்கள். ஆணா பெண்ணா என்பதை முன்னால் வரும் ‘ஈ’, ‘நி’ என்ற ஒட்டுகள் சொல்லும். மியான்மரில் கிழமைக்குக் கிழமை எழுத்து வரிசை உண்டு; திங்களன்று பிறந்தால் ககர வரிசை, வியாழனன்று பிறந்தால் பகர, மகர வரிசை. அங்கே குடும்பப் பெயர் என்பதே கிடையாது. ஐ.நா.வின் மற்றொரு பொதுச்செயலாளரை ஊ தாண்ட் என்று படித்திருக்கிறோம். அதில் ‘ஊ’ நம் ‘ஐயா’ போன்ற மரியாதைச் சொல், பெயர் தாண்ட் மட்டுமே. நம்மூர்ச் சோதிடரும் இதே வேலையை நட்சத்திரத்தை வைத்துச் செய்கிறார். அசுவினி என்றால் சு, சே, சோ, லா. ரோகிணி என்றால் ஒ, வ, வி, வு. ஜார்க்கண்ட் பழங்குடிகளிடையே ஞாயிறு பிறந்தவர் எத்வா, திங்கள் பிறந்தவர் சோம்ரா, புதன் பிறந்தவர் புத்வா. இவையெல்லாம் பெற்றோரின் விருப்பத்தைச் சற்றே விலக்கி வைக்கிற முறைகள். பிள்ளை தனக்கு முன்பே இருந்துவரும் ஒரு கால ஒழுங்கில் வந்து சேர்கிறது என்ற பணிவு அவற்றில் இருக்கிறது.

குழந்தைகள் பிறந்து பிறந்து இறந்த காலம் வேறுவகைப் பெயர்களைத் தந்தது. நைஜீரியாவின் யொரூபா மக்கள், திரும்பத் திரும்ப வந்து தாயை ஏமாற்றிவிட்டுப் போகும் குழந்தையை ‘அபிக்கு’ என்பார்கள். அப்படி இரண்டு மூன்று போன பிறகு பிறக்கும் பிள்ளையின் பெயர் அதனிடமே கெஞ்சும். மாலோமோ என்றால் ‘இனிப் போகாதே’. துரோஜையே என்றால் ‘நின்று உலகத்தை அனுபவி’. கொசோக்கோ என்றால் ‘மண்வெட்டி இல்லை’. குழி வெட்ட இனி இங்கே கருவி கிடையாது, ஆகவே நீ சாக முடியாது என்று குழந்தைக்குச் சொல்லும் செய்தி. லாகோஸை 1845 முதல் 1851 வரை ஆண்ட அரசரின் பெயர் கொசோக்கோ. அரியணையில் அமர்ந்த பிறகும் அவர் பெயரில் ஒரு தாயின் அச்சம் ஒலித்துக்கொண்டே இருந்தது.

மங்கோலியர்கள் கெஞ்சவில்லை, பேயை ஏய்த்தார்கள். நெர்கூய் என்றால் ‘பெயரில்லாதவன்’, எனெபிஷ் என்றால் ‘இவனில்லை’, ஹூன்பிஷ் என்றால் ‘மனிதனில்லை’. குழந்தையைத் தேடி வரும் தீய சக்தி, பெயரைக் கேட்டுக் குழம்பித் திரும்பிப் போய்விடுமாம். துருக்கியில் துர்சுன், ‘நிற்கட்டும்’, யஷார், ‘வாழ்கிறான்’. சீனத்தில் செல்லப் பிள்ளைக்கு நாய் தின்று மிஞ்சியது என்று பெயர். ஹான் காலத்தின் பெரும் புலவரான சீமா சியாங்ரூவுக்கே சிறுவயதில் நாய்க்குட்டி என்ற பெயர் இருந்ததாகச் சீனத்தின் பழைய வரலாற்று நூல் பதிந்திருக்கிறது.

இதைப் படிக்கும் தமிழருக்குக் குப்பனும் குப்பம்மாளும் நினைவுக்கு வந்திருப்பார்கள். பிறந்த சிசுவைக் குப்பைமேட்டில் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி, வேறொருத்தி எடுத்துவந்து கொடுக்க, பெற்றவள் தவிட்டுக்கோ சில்லறைக் காசுக்கோ அதை ‘விலைக்கு’ வாங்குவாள். குழந்தை இனி அவளுடையது இல்லை, குப்பையில் கிடந்தது. காலன் கணக்கில் அது வராது. குப்புசாமி, குப்பாயி, பிச்சை, பிச்சையம்மாள், மண்ணாங்கட்டி என்று அத்தனை பெயரும் இந்த வழியில் வந்தவை. பள்ளியில் இந்தப் பெயர்களுக்காகக் கேலிபட்டவர்கள் உண்டு. வளர்ந்ததும் மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. அவர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று: உங்கள் தலைமுறையில் அந்தத் தெருவிலேயே மிக அதிகமாக வேண்டப்பட்ட பிள்ளை நீங்கள்தான். ‘ராஜா’ என்று பெயர் வைத்தவளைவிட ‘குப்பன்’ என்று வைத்தவள் கூடுதலாக அழுதிருப்பாள்.

இந்த வரிசையிலேயே வைத்து எண்ணப்படும், ஆனால் இதற்கு முற்றிலும் எதிரான இன்னொரு கூட்டம் இருக்கிறது. போதும்பொண்ணு. திருவள்ளூர் மாவட்டத்தின் சில ஊர்களில் ‘வேண்டாம்’ என்றே பெண்களுக்குப் பெயர் உண்டு. துருக்கியில் யெதெர், ‘போதும்’. சீனத்தில் சாவ்தீ, ‘தம்பியை அழைத்து வா’. கொரியாவில் மல்ஜா, ‘கடைசிப் பெண்’. தைவானில் முந்தைய தலைமுறைப் பெண்கள் பலருக்கு இருந்த பெயரின் பொருள் ‘போகட்டும், வளர்த்துவைப்போம்’. நாடும் மொழியும் மதமும் வேறு வேறு. வீட்டுக்குள் நடந்த பேச்சு ஒன்றே. அதே சீனக் குடும்பங்கள் மலாயாவில் கைவிட்ட பெண் குழந்தைகளைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து, தமிழ்ப் பெயர் வைத்துத் தங்கள் பிள்ளைகளாக வளர்த்ததையும் இந்த இடத்தில் பதிந்துவைக்க வேண்டும். பெண் வேண்டாம் என்ற பேச்சு இருந்த நம் சமூகத்திலேயே அதுவும் நடந்தது.

குப்பனையும் போதும்பொண்ணையும் ‘விநோதப் பெயர்கள்’ என்ற ஒரே தலைப்பில் அடைக்கும் கட்டுரைகளோடு எனக்கு உடன்பாடில்லை. முதலாவது, பிள்ளை நிலைக்க வேண்டும் என்பதற்காகச் சொன்ன பொய். இரண்டாவது, பிள்ளையின் முகத்துக்கு நேரே சொன்ன உண்மை. குப்பன் தன் பெயரின் காரணம் தெரிந்தால் நெகிழ்வான். போதும்பொண்ணுக்குக் காரணம் தெரிந்த வயதே அவள் காயப்பட்ட வயது. அதிலும் அந்தப் பெயர் அவளைப் பற்றியதே இல்லை. பிறக்காத ஒரு தம்பியைப் பற்றியது.

மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் ‘நகூசா’, அதாவது ‘வேண்டாதவள்’, என்ற பெயர் பரவலாக இருந்தது. 2011 அக்டோபரில் மாவட்ட நிர்வாகம் ஒரு விழா நடத்தி, அந்தப் பெயருடைய 285 பெண்களுக்குப் புதுப்பெயர் எழுதிய சான்றிதழ் கொடுத்தது. பெயரை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். திரை நட்சத்திரத்தின் நினைவில் சிலர் ஐஸ்வர்யா என்றும், சிலர் சாவித்திரி, வைஷாலி என்றும் வைத்துக்கொண்டார்கள். பதிவேட்டில் எழுதும் கை நன்மை செய்த அரிய தருணங்களில் அது ஒன்று. ஒரு விழாவில் எல்லாம் மாறிவிடாது என்பது தெரிந்ததே. என்றாலும் மறுநாள் வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கும்போது அந்தப் பெண்ணின் காதில் விழும் சொல் வேறாக இருந்திருக்கும். அது சிறிய விஷயம் இல்லை.

தெய்வத்தை உள்ளே வைத்த பெயர்கள்தான் உலகில் மிகப் பரவலானவை. எபிரேயப் பெயர்களில் ‘ஏல்’ என்றும் ‘யா’ என்றும் வருவதெல்லாம் கடவுளைக் குறிப்பவை; தானியேல், எலியா, மிக்கேல். அரபியில் அப்துல்லா, நமக்குச் சிவதாசன், சுப்பிரமணியன். நம் பக்கம் தெய்வத்தோடு ஊரும் பெயராகும். வேண்டிக்கொண்ட தலத்தின் பெயரே பிள்ளைக்கு வரும். பழனி, திருப்பதி, வேளாங்கண்ணி, நாகூர் கனி என்று மூன்று மதத்தாரும் ஒரே வழக்கத்தைப் பின்பற்றுகிறார்கள்.

தெய்வப் பெயர் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இரண்டு வழிகளில் போகிறது. ஒன்று ஒலி வழி. ‘யாவே அருளினார்’ என்ற பொருளுள்ள யோஹனான் என்ற எபிரேயப் பெயர் கிரேக்கம், லத்தீன் வழியே ஜான், ழான், ஹுவான், ஜொவானி, இவான், ஷான், ஹான்ஸ் என்று ஆயிற்று. இவர்கள் அத்தனை பேரும் ஒரே பெயருடையவர்கள், ஆனால் பொருள் யாருக்கும் கேட்காது. இன்னொன்று பொருள் வழி. தமிழ்க் கத்தோலிக்கர் செய்தது இதுதான். அவர்களுக்கு யோவான் அருளப்பர் ஆனார். ஓரியூரில் 1693-இல் கொல்லப்பட்ட போர்த்துகீசியப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோ அருளானந்தர் ஆனார். கிரேக்கத்தில் முடி, மகுடம் என்று பொருள்படும் ஸ்தேவான் முடியப்பர் ஆனார். திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவலராக இருந்த நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது அவருக்குத் தந்த பெயர் லாசர். ‘கடவுள் உதவினார்’ என்ற பொருளுடைய எலெயாசர் என்ற எபிரேயப் பெயரின் சுருக்கம் அது. தமிழில் அதைத் தேவசகாயம் என்றார்கள். 2022 மே 15 அன்று வத்திக்கானில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். நெல்லை, குமரி மாவட்டங்களில் தேவசகாயம், முடியப்பன், அருளப்பன் என்று பெயருள்ளவர்கள், எபிரேயப் பாலைவனத்திலும் கிரேக்கத் துறைமுகங்களிலும் பிறந்த பெயர்களை நல்ல தமிழில் சுமக்கிறவர்கள். ஒலியை மட்டும் கடன் வாங்கிய ஐரோப்பிய மொழிகள் செய்யத் தவறியதை இந்த ஊர்க்காரர்கள் செய்திருக்கிறார்கள் என்பேன்.

பின்னாளில் தமிழர்கள் தங்கள் பெயரைத் தாங்களே மாற்றிக்கொண்டபோதும் இந்தப் பொருள்வழிதான் கைகொடுத்தது. சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் ஆனார். 1916-இல் வேதாசலம், மறைமலை அடிகள் ஆனார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விடுவதென்று தீர்மானித்தது. பலர் அங்கேயே விட்டார்கள். இந்தியாவின் பல மாநிலங்களில் ஒருவர் பெயரைக் கேட்ட உடனே சாதி தெரிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் தெரிவதில்லை. சாதி ஒழிந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கிடையாது. ஆனால் ஒரு தேர்வுத்தாளிலோ விண்ணப்பத்திலோ பெயரை மட்டும் வைத்து ஒருவரை எடைபோட முடியாதபடி செய்தது அந்தத் தலைமுறையின் சாதனை. அதன் பிறகு அரசியலே பெயர் வைத்தது. அறிவழகன், தமிழ்ச்செல்வன், இளங்கோ என்று ஒரு வரிசை. லெனின், ஸ்டாலின் என்று ஒரு வரிசை. மு.க. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1, சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தது மார்ச் 5.

இனி எழுதுகிற கைக்கு வருவோம். பிரான்சில் 1803-இல் வந்த சட்டம், கிறித்தவப் புனிதர் நாட்காட்டியிலும் பழைய வரலாற்றிலும் இருக்கும் பெயர்களை மட்டுமே குழந்தைக்கு வைக்கலாம் என்றது. பிரெத்தோன் மொழிப் பெயர் வைக்க விரும்பிய பெற்றோர் அதிகாரிகளோடு பல்லாண்டு மல்லுக்கட்டினார்கள். பெயரைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் பெற்றோருக்குக் கிடைத்தது 1993-இல்தான். ஐஸ்லாந்தில் குடும்பப் பெயர் பெரும்பாலும் கிடையாது. தகப்பன் பெயரோடு ‘மகன்’ அல்லது ‘மகள்’ சேரும். 1980-இல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விக்தீஸ் ஃபின்போகதோத்திர், ஃபின்போகியின் மகள். தொலைபேசிப் புத்தகத்தில்கூட முதற்பெயர் வரிசையில்தான் ஆட்களைத் தேட வேண்டியிருந்தது. தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்ளும் நமக்கு இது எளிதில் புரியும். ஆனால் அங்கே 1991 முதல் ஒரு பெயர்க் குழு இருக்கிறது. ‘இளங்காற்று’ என்ற பொருளுள்ள பிளைர் என்ற பெயரை ஒரு பெண்ணுக்கு வைக்கக் கூடாது, அது இலக்கணப்படி ஆண்பால் என்று குழு மறுத்தது. பதினைந்து ஆண்டுகள் அரசு ஏடுகளில் அவள் பெயர் ‘பெண்’ என்றே இருந்தது. 2013 ஜனவரியில் நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்பளித்தது.

இவை வீம்பும் விதியும் மோதிய கதைகள். பெயரை ஆயுதமாக்கிய கதைகள் வேறு. 1938 ஆகஸ்டில் நாஜி அரசு ஆணையிட்டது: யூதப் பெயரென்று அரசு வகுத்த பட்டியலில் உள்ள பெயர் இல்லாத ஒவ்வொரு யூத ஆணும் இஸ்ரேல் என்றும், பெண் சாரா என்றும் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். 1939 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆளை அடையாளம் கண்டு பிரித்தெடுக்கும் வேலை பெயரில்தான் தொடங்கியது.

பல்கேரியாவில் 1984 கடைசியில் தொடங்கி சில மாதங்களுக்குள், அங்கே வாழ்ந்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட துருக்கியரின் பெயர்கள் கட்டாயமாக மாற்றப்பட்டன. கிராமங்களைப் படை சூழ்ந்துகொள்ளும். மக்கள் வரிசையில் நின்று பட்டியலிலிருந்து ஒரு பல்கேரியப் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். இறந்துபோன முன்னோரின் பெயர்களையும் பதிவேடுகளில் மாற்றினார்கள். பளுதூக்கும் வீரர் நயீம் சுலைமானோவுக்கு அப்போது வயது பதினெட்டு, ஏற்கெனவே உலகப் புகழ். அவரையும் நவூம் ஷலமனோவ் ஆக்கினார்கள். 1986 டிசம்பரில் மெல்போர்ன் நகருக்குப் போட்டிக்குப் போன இடத்தில் அவர் பல்கேரியக் குழுவைவிட்டு நழுவித் துருக்கி போய்ச் சேர்ந்தார். அவர் துருக்கிக்காக விளையாட பல்கேரியா இசைவு தருவதற்குப் பத்து லட்சம் டாலர் அளவில் பணம் கைமாறியது. 1988 சியோல் ஒலிம்பிக்கில், 60 கிலோ எடைப்பிரிவில், இரு தூக்குகளிலும் சேர்த்து 342.5 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அறிவிப்புப் பலகையில் இருந்த பெயர் நயீம் சுலைமானோக்லு. தங்கள் பெயரை வீட்டுக்குள் கிசுகிசுக்க வேண்டியிருந்த மக்களுக்கு அந்த வரி என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1989 கோடையில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பல்கேரியாவைவிட்டு வெளியேறினார்கள். ஆட்சி மாறிய பிறகு, 1990-இல்தான் பழைய பெயர்களை மீட்கச் சட்டம் வந்தது.

தமிழரின் பெயர்களுக்கு இப்படிப் படைபலத்தால் தீங்கு நேரவில்லை, எழுத்தர் மேசையில் நேர்ந்தது. எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல் காதிமில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் கணன், சாதன் என்ற பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அங்கே போன வணிகர், தம் பெயரைத் தம் எழுத்தில் தாமே எழுதினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பெயரை வேறொருவர் எழுதினார். காதில் விழுந்ததைத் தன் மொழியின் எழுத்துக்கூட்டலில் எழுதிக்கொண்டார். நம்மவரிடம் ஒரே பெயர்தான் இருந்தது. படிவத்திலோ குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. ஆளுடைய பெயரோ தகப்பன் பெயரோ அந்தக் கட்டத்துக்குள் விழுந்து, அங்கேயே உறைந்தது.

மொரீஷியஸில் ஆர்முகம், ராம்சாமி, வீராப்பென், சின்னத்தம்பு, ரீயூனியனில் விராப்புல்லே, தென்னாப்பிரிக்காவில் சாதிப் பட்டங்களே நாயுடு, மூட்லி, பிள்ளை, படையாச்சி என்று குடும்பப் பெயர்களாயின. செங்கல்பட்டில் விட்ட பட்டம் டர்பனில் நிலைத்துவிட்டது. கரீபியனில் குவாதலூப் தீவுக்கு முதல் இந்தியக் கப்பல் 1854-இல் போய்ச் சேர்ந்தது. அந்தத் தீவில் 1863-இல் பிறந்தவர் ஹென்றி சிதம்பரோம். தகப்பனின் சிதம்பரம் என்ற பெயரைக் குடும்பப் பெயராகவும் ஒரு பிரெஞ்சுப் பெயரை முதற்பெயராகவும் கொண்டவர். குவாதலூப் இந்தியர்களுக்குக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டும் என்று 1904 முதல் 1923 வரை சட்டப் போராட்டம் நடத்தியவர் அவர்தான். அதே தீவின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் எழுத்தாளராகவும் விளங்கியவர் எர்னெஸ்ட் மூத்துசாமி. இவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. முத்துசாமி என்ற ஒருவர் இருந்தார், அவருக்கு அந்தப் பெயரை வைத்த ஒருத்தி இருந்தாள் என்பதற்கு அந்தப் பிழையான எழுத்துக்கூட்டல்தான் கடைசிச் சான்று. ஆகவே அது பிழை என்று யாரும் திருத்தக் கூடாது.

அந்தக் கட்டம் இன்றும் நம்மை விடவில்லை. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் இருப்பவருக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று போடுகிறார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். அவருக்கு இருந்ததே அந்த ஒரு பெயர்தான், அது குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விட்டது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. இந்தத் தொல்லைக்குப் பயந்து நம் பெற்றோர் இப்போது தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவைக்கிறார்கள். அடுத்த தலைமுறை அதையே தொடரும். முந்நூறு ஆண்டு கழித்து யாரோ ஒருவர் தன் பெயரின் பின்பாதியைப் பார்த்து இது என்ன என்று கேட்பார். அன்னானைக் கேட்பது போல.

இந்தியாவில் பிறப்பு, இறப்புப் பதிவு 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கிறது. குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமலும், அதன் பிறகு பதினைந்து ஆண்டுகள் வரை கட்டணம் செலுத்தியும் பதிவேட்டில் சேர்க்கலாம். அந்தப் பதிவில் பெயருக்கு இடம் உண்டு, காரணத்துக்கு இடம் கிடையாது. காரணம் இருப்பது பாட்டியிடமும், பெயர் வைத்த நாளில் குழந்தையின் காதில் மூன்று முறை சொன்ன அத்தையிடமும், தலத்தில் வேண்டிக்கொண்ட தாத்தாவிடமும்தான். அவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? உங்கள் பெயரை யார் வைத்தார், அதற்கு முன் என்ன பெயர் யோசித்தார்கள், ஏன் மாற்றினார்கள் என்று இந்த வாரமே கேளுங்கள். கேட்டதைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதிப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். உங்கள் பிள்ளைகளின் பெயருக்கும் அப்படியே செய்யுங்கள்.